பொருள் அறியாமல் ஓதலாமா?

மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களில் கொங்கணியர், குஜராத்தியர், யூதர், கச்சி மேமன்கள், மாப்பிள்ளைமார், தமிழர் எனப் பலரும் ஒருவர் மொழியை மற்றவர் பேசி வாணிகம் செய்து வந்தனர். மிளகு வியாபாரத்திற்கு எந்த மொழியும் தீட்டில்லை. இறைவனைப் பற்றிய கல்விக்கு மட்டும் ஓர் எழுத்துதான் உரியதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சியிலிருந்து இக்கேள்வியை எழுப்பியவர் சையது சனாவுல்லா மக்தி தங்ஙள் (1847-1912).

அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து சமயப் பணிக்கு வந்தவர் அவர். அந்நாளில் மாப்பிள்ளைச் சிறுவர்கள் ஓத்துப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகினர். மலையாளத்தையும் அரபி எழுத்திலேயே படித்தனர். மலையாள எழுத்தும் ஆங்கிலமும் மார்க்கத்திற்கு ஆகாதவை என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. ஐரோப்பியருடன் தலைமுறை தலைமுறையாகப் போராடிய சமூகத்திற்கு அந்த அச்சம் இயல்பே. தங்ஙளோ மலையாள எழுத்திலேயே நூல்கள் இயற்றினார். 1888-இல் 'சத்தியப்பிரகாசம்' என்ற வார இதழைத் தொடங்கினார். பெண்களும் கற்க வேண்டும் என்று வாதாடினார். கிடைத்தது சொந்த மக்களின் ஏச்சு. அவர் எழுதிய நூல் ஒன்றின் பெயர் 'மக்தி மனக்கிலேசம்'. பெயரே அவரது நிலையைச் சொல்லிவிடுகிறது.

அவருக்குப்பின் மாற்றம் விரைந்தது. மலப்புறத்தை அடுத்த வாழக்காட்டில் சாலிலகத்து குஞ்ஞகமது ஹாஜி (மறைவு 1919) மதரஸாவில் வகுப்புகளைப் பிரித்தார், கரும்பலகையைக் கொண்டுவந்தார், பொருள் விளங்கக் கற்பித்தார். 1922-இல் கொடுங்ஙல்லூர்ப் பகுதியில் கேரள முஸ்லிம் ஐக்கிய சங்கம் தோன்றியது.

ஆயினும், பொருளறியா ஓதலைச் சீர்திருத்தவாதிகள் சற்றுக் கடுமையாகவே எடைபோட்டனர் என்று தோன்றுகிறது. நம் வேதபாடசாலைகளிலும் சிறுவன் முதலில் ஒலியைத்தான் பெறுகிறான். பொருள் பிறகு வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது. இளமையில் நாவில் ஏறிய இறைச்சொல் துன்பக் காலத்தில் துணை நிற்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் பிறகாவது பொருளைத் தேடுவதற்கு வழியை அடைத்துவிட்டால், அது பக்தியாகாது. முண்டக உபநிடதம் நான்கு வேதங்களையே அபரா வித்தையில் சேர்க்கிறது. வேதமே அவ்வரிசையில் நிற்கும்போது, எந்த எழுத்தைத் தீட்டென்று ஒதுக்குவது?

சீர்திருத்தவாதிகளை எதிர்த்து மரபுவழி உலமாக்கள் 1926-இல் சமஸ்தா என்ற சபையை அமைத்தனர். கொள்கையில் அவர்கள் இறங்கி வரவில்லை. ஆனால் 1951-இல் அச்சபையே மதக் கல்வி வாரியம் ஒன்றை நிறுவியது. அதன் மதரஸாக்களிலும் வகுப்புகள் உண்டு, பாடநூல்கள் உண்டு, தேர்வுகள் உண்டு, ஓதலும் உண்டு.