குருவுக்குப் புள்ளி போடலாமா?

குருவைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்து வளர்ந்தவர்கள் நாம். மாணவன் ஆசிரியருக்குப் புள்ளி போடுவது என்றால் நமக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்யும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் விளையாட்டுப் பருவம் முடிந்ததும் அணியினரிடம் ஒரு வினாக்கொத்தைக் கொடுக்கிறார்கள். பயிற்றுநர் மரியாதையாகப் பேசுகிறாரா, காயப்பட்டவரை ஆடச் சொல்லி வற்புறுத்துகிறாரா, படிக்க நேரம் விடுகிறாரா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். பெரும்பாலும் பெயர் எழுதத் தேவையில்லை. நம்மவர் பிள்ளைகளும் நீச்சல், டெனிஸ் என்று கல்லூரி அணிகளில் சேருகிற காலம் இது. தன்னைப் பழக்கியவரைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதுவது அறமா என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்?

முதலில் அந்த உறவு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். நம் குருவை நாம் விரும்பிப் பணிகிறோம். கல்லூரிப் பயிற்றுநர் கையிலோ யார் ஆடுவது, யார் வாங்கில் இருப்பது என்ற முடிவு முழுக்க இருக்கிறது. 1973 இலிருந்து பல ஆண்டுகள் விளையாட்டுப் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2012 இலேயே மறுபடி அனுமதித்தார்கள். அடுத்த வருடப் படிப்புச் செலவு யாருடைய மனதைப் பொறுத்திருக்கிறதோ, அவரைப் பற்றி உண்மையைச் சொல் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது எவ்வளவு நியாயம்? அகதி விண்ணப்பம் கையில் இருக்கும்போது அலுவலர் "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாய் திறந்திருப்போம்?

என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிநூலில் பல ஆண்டுகளாக ஒரு விதி இருந்தது: ஆடும் தகுதிக்காலம் முடிந்த வீரர்கள் சிலரிடமாவது பல்கலைக்கழகம் நேர்முகமாகக் கருத்துக் கேட்க வேண்டும். போகிறவனுக்குப் பயமில்லை, உண்மைதான். ஆனால் அவன் சொல்வதால் அவனுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

2018 மே 29 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழக ஃபுட்போல் அணியின் ஓட்டப் பயிற்சியில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது மாணவர் வெப்பத் தாக்கத்துக்கு உள்ளானார். உடலைக் குளிர்நீரில் அமிழ்த்தும் சிகிச்சை அங்கே கொடுக்கப்படவில்லை. ஜூன் 13 அன்று இறந்துபோனார். பின்னர் அந்த அணியை ஆராய்ந்த குழு, வீரர்கள் பலர் வாய்திறக்கப் பயந்ததால் குறைகள் புரையோடிப் போயின என்று எழுதியது. நூற்றுக்கு மேற்பட்ட வாலிபர்கள் தினமும் கூடும் ஓர் இடத்தில் இப்படி!

மறுபக்கமும் உண்டு. வாங்கில் உட்கார வைக்கப்பட்டவன் கோபத்தில் எழுதுவான். கண்டிப்பான பயிற்றுநரைக் கொடுமைக்காரர் என்பான். தனக்கு எதிராகச் சொன்னவர் யார் என்றே தெரியாமல் ஒரு மனிதரின் தொழில் போவதும் அநீதிதான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

என் தொழிலில் இதே சிக்கல் உண்டு. என்ரோன் நிறுவனம் 2001 இல் விழுந்த பிறகு, 2002 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் ஊழியர்கள், கணக்கில் உள்ள கோளாறு பற்றிப் பெயர் சொல்லாமல் முறையிட வழி செய்திருக்க வேண்டும் என்கிறது அது. முறைப்பாடு போவது முகாமையாளரிடம் அல்ல, இயக்குநர் சபையின் கணக்காய்வுக் குழுவிடம். பெயரில்லாத கடிதத்தை வைத்து எந்தக் கணக்காய்வாளரும் ஒருவரைக் கள்வன் என்று எழுதமாட்டார். அதைக் கிழித்தும் போடமாட்டார். எந்தப் பேரேட்டைத் திறக்க வேண்டும் என்பதை அந்தக் கடிதம் காட்டும். தீர்ப்பை அங்கே உள்ள கணக்குச் சொல்லட்டும்.

பயிற்றுநர் விஷயத்திலும் பேரேடுகள் உண்டு: காயப் பதிவு, பயிற்சி நேரப் பதிவு, இடையில் அணியைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு என் பதில், பெயர் போடாமல் எழுதலாம் என்பதுதான். கண்டதை மட்டும் எழுது, திகதியோடு எழுது, "கெட்டவர்" என்று எழுதாதே. பிள்ளையை அனுப்பும் பெற்றோர், கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளிலேயே விளையாட்டுத் துறையிடம் கேட்கட்டும்: அந்தத் தாள்களை வாசிப்பவர் யார், பயிற்றுநரா, அவருக்கு மேலே உள்ளவரா? போன வருடம் வாசித்த பிறகு எதை மாற்றினீர்கள்?