அப்பாவின் பிறப்பு எடை

சென்ற மாதம் அப்பாவை இனிப்பு நீர் சோதனைக்கு அழைத்துப் போனேன். கிளினிக் சுவரில் ஆபத்துக் காரணிகளின் பட்டியல் ஒட்டியிருந்தது: அதிக எடை, உடலுழைப்பின்மை, குடும்ப வரலாறு, இனம். அப்பா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "எல்லாம் நம்ம கதைதான்" என்று சிரித்தார். "நாளைக்கு நாலு தே தாரேக் குடிச்சா வேற என்னப்பா வரும்?" என்று தாதியின் முன்னாலேயே கேட்டுவிட்டேன். வீடு திரும்பும்வரை அவர் பேசவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் நியாயமா?

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பேரிங் உடைந்தால், கடைசியாக இயந்திரத்தை ஓட்டியவரைத் திட்டுவதோடு விட்டுவிட மாட்டோம். எத்தனை வருடம் ஓடியது, எவ்வளவு பாரம் தாங்கியது, முதலில் எப்படிப் பொருத்தினார்கள் என்று பின்னோக்கிப் போவோம். அப்பா விஷயத்தில் நான் கடைசி டீயோடு நின்றுவிட்டேன்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். டேவிட் பார்க்கர், நிக்கலஸ் ஹேல்ஸ் குழுவினர் அந்தப் பேரேட்டிலிருந்த ஆண்களைத் தேடிப்பிடித்து, அறுபது வயதைத் தாண்டிய பின் சோதித்தார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் நீரிழிவு அதிகமாக இருந்தது. 1991இல் அது வெளியானது. கருவில் உணவு போதாதபோது உடல் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு கணையத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அப்பா வயிற்றிலிருந்தபோது எட்டாம் மாதம்வரை பால் வாளி தூக்கினாராம். "பூனக்குட்டி மாரிதான்டா இருந்தான் ஒங்கப்பன்" என்பார். அந்த எடையை எழுதிய பேரேடு எதுவும் எங்களிடம் இல்லை.

இதை வைத்து அப்பாவுக்கு ஏன் நோய் வந்தது என்று நிரூபித்துவிட முடியாது. மெலிந்து பிறந்த பலருக்கு நீரிழிவு வரவேயில்லை. ஒருவருக்கு ஏன் வந்தது, ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்பவை வேறு வேறு கேள்விகள் என்று ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதினார். நோய்ப்பரவலியல் இரண்டாவதற்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலை எடுத்து ஒரு மனிதரின் தலையில் தீர்ப்பாக வைப்பது நாம் செய்கிற வேலை. சுவரிலிருந்த 'இனம்' என்ற சொல்லை ரத்தத்தின் குணம் என்று படிக்கலாம். எந்தத் தோட்டத்தில், என்ன கூலிக்கு, எதைச் சாப்பிட்டு ஒரு பெண் பிள்ளை சுமந்தாள் என்றும் படிக்கலாம்.

அப்பா டீயைக் குறைக்கத்தான் வேண்டும். அது அவர் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்ல, நடந்ததற்கெல்லாம் அவரைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. அன்று நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன்.

மறுநாள் கேட்டேன்: "நீங்க வயித்துல இருந்தப்ப பாட்டி என்னப்பா சாப்பிட்டாங்க?"

அப்பா வெகுநேரம் யோசித்தார்.

"அம்மா இருந்தப்பவே கேட்டிருக்கணும்டா."