பார்ப்பதும் காட்டுவதும்

முன்பின் தெரியாத ஒருவரைத் தெருவில் வைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டால், நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில்: "பப்ளிக் இடம்தானே, எடுக்கலாம்." மலேசியச் சட்டமும் நெடுங்காலம் ஏறக்குறைய இதைத்தான் சொல்லி வந்திருக்கிறது. 2004-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு. பாலர் பள்ளிக்கு வெளியே திறந்த வெளியில் நின்ற பிள்ளைகளை ஒரு நிறுவனம் படம் எடுத்தது. அந்தப் படம் விளம்பரமாக நாளிதழ்களில் வந்தது. படத்தில் இருந்த ஒரு பிள்ளையின் தரப்பு வழக்குப் போட்டது. தோற்றது. தனியுரிமை மீறல் என்பது நம் சட்டத்தில் வழக்குத் தொடுக்கத் தகுந்த குற்றமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏன் இல்லை என்பதற்கான காரணம் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. உள்நாட்டுச் சட்டம் வாய் திறக்காத இடங்களில் மேற்கு மலேசிய நீதிமன்றங்கள் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளும். எந்தத் தேதியின் பொதுச் சட்டம்? 1956 ஏப்ரல் 7. அந்தத் தேதியில் இங்கிலாந்தில் தனியுரிமைக்கென்று தனி வழக்கு கிடையாது. ஆகவே இங்கும் கிடையாது. சுதந்திரம் கிடைப்பதற்கு ஓராண்டுக்கு முன்பு, படச்சுருள் போட்டுக் கழுவிய காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு, இன்று எல்.ஆர்.டி.யில் எதிர்சீட்டுக்காரர் கைப்பேசியை நம் பக்கம் திருப்பும்போது அது சரியா தப்பா என்று பார்க்கிறோம்.

பிறகு கொஞ்சம் மாறியது. சிவராசா ராசையா வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு, அரசியலமைப்பின் 5-ஆவது விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்றது. வழக்கறிஞர் மன்றத்தில் யார் பொறுப்பு வகிக்கலாம் என்பது பற்றிய வழக்கு அது. கேமராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதோடு அந்த உரிமை அரசாங்கத்துக்கு எதிராக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக நிற்குமா என்பது வேறு கதை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளோடு நின்றுவிடுகிறது. குற்றவியல் சட்டத்தின் 509-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு செய்தால், அல்லது அவருடைய தனிமைக்குள் புகுந்தால், ஐந்தாண்டு வரை சிறை.

2003-இல் கோலாலம்பூரில் ஒரு விடுதிச் சோதனையில் பிடிபட்ட பெண், லாரியிலேயே சிறுநீர் கழிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். ரேலா உறுப்பினர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். அந்த ஆள் சிறைக்குப் போனார். 100,000 ரிங்கிட் இழப்பீடும் உண்டு. படம் எடுத்தவர் மட்டுமல்ல, சோதனைக்குப் பொறுப்பானவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாலர் பள்ளிப் பிள்ளை தோற்றது, இந்தப் பெண் வென்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது புரிகிறது. வெட்கம் தெரிகிறது. உடம்பு தெரிகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லாத சாதாரண முகம் அதற்குத் தெரிவதில்லை. சாதாரண முகத்துக்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

வார இறுதிகளில் நான் செந்தூலில் படம் எடுக்கிறேன். பெரிய கலை ஆசை எல்லாம் இல்லை. ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த இந்த வட்டாரம் என் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது, பழைய கடை வரிசைக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன, இருக்கும்போதே பதிந்து வைக்கலாமே என்றுதான். செந்தூல் பசார் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடை. அண்ணன் ஒருவர் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் முகம் விழுந்த கோணம் நன்றாக இருந்தது, கேட்டேன். "எடு தம்பி, பரவால்ல. ஆனா ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாத லா. ஆலோங் பார்த்தான்னா நான் முடிஞ்சேன்." கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடன் என்னவோ நிஜம்தான்.

இதற்கு மேல் இந்த விஷயத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அண்ணன் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. பட்டப்பகலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற நூறு பேர் பார்த்தார்கள், அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நூறு பேருக்குள் இல்லாத ஒருவன் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அடிக்கிற புருஷனை விட்டு வேறு ஊருக்கு வந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கும் அப்படி ஒருவன் இருப்பான். பெர்மிட் முடிந்துபோன வங்காளதேசத் தொழிலாளிக்கும் இருப்பான். பொது இடத்துக்கு வருகிறவர் அங்கே இருப்பவர்கள் பார்ப்பதற்குத்தான் சம்மதிக்கிறார். அங்கே இல்லாதவர்களுக்குக் காட்டப்படுவதற்கு அவர் சம்மதித்ததாக நாம்தான் சேர்த்து எழுதிக்கொள்கிறோம்.

முன்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இயற்கையான தடுப்பு இருந்தது. கூட்டத்தில் எடுத்த முகத்துக்குப் பெயர் கிடையாது. ஆல்பத்தில் இருந்தாலும் யார் என்று தெரியாது. என் துறையில் இருப்பவர்களுக்கு அந்தத் தடுப்பு எவ்வளவு மலிவாக உடைந்தது என்று தெரியும். கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்திலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை யாரையும் கேட்காமல் அள்ளி வைத்திருந்தது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. ஒரு முகத்தைக் கொடுத்தால் அதே முகம் உள்ள மற்ற படங்களை, அவை கிடந்த பக்கங்களோடு எடுத்துக் கொடுக்கும். 1956-இன் சட்டத்துக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. 2004-இன் தீர்ப்புக்கும்தான்.

"அப்போ எல்லாரையும் கேட்டுட்டுதான் எடுக்கணுமா?" என்று என் நண்பன் கேட்டான். கேட்டால் போதும் என்பது நல்ல பழக்கம், ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்துகிற விதி இல்லை. தைப்பூசத்தில் அது உடைந்துவிடும். முருகனின் வெள்ளி ரதம் எங்கள் ஜாலான் ஈப்போ வழியாகத்தான் பத்துமலைக்குப் போகிறது, அதனால் சிறு வயதிலிருந்தே இந்தக் கூட்டத்தைப் பார்த்து வருகிறேன். ஆற்றங்கரையில் விடியற்காலையில் பக்தர்கள் குளிக்கிறார்கள். நனைந்த சேலையோடு பெண்கள் படியேறுகிறார்கள். எதிர்க்கரையில் நீண்ட லென்ஸோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பொது இடம்தான், சந்தேகமில்லை. கொஞ்சம் தள்ளி ஒருவருக்கு அலகு குத்துகிறார்கள், அருள் வந்துவிட்டது. அவரிடம் போய் என்ன சம்மதம் கேட்பது? "ஆம்" என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை, "வேண்டாம்" என்று சொல்லும் நிலையிலும் இல்லை. அவரைச் சுற்றி அம்மா, தம்பி, மாமன் எல்லாம் 'வேல் வேல்' என்று நிற்கிறார்கள். அவர்களைக் கேட்கலாம். ஒரு பெரியவர் ஒரு தடவை வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் கையால் சைகை காட்டிச் சொன்னார்: எடுத்துக்கோ, ஆனா மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிக்காத. அந்த ஆளும் புரிந்துகொண்டு ஃபிளாஷை அணைத்தார். எனக்கு எந்தச் சட்டப் பிரிவையும் விட அது நியாயமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பெரியவர் அனுமதித்தது எடுப்பதை மட்டும்தான். மறுவாரம் அந்த முகம் எந்தப் பயண இதழில், எந்த வாசகத்தின் கீழ் வரும் என்பது அவர் கையில் இல்லை. 'வலியின் திருவிழா' என்று போட்டால் முடிந்தது கதை. வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்வானேன், நம் பிள்ளைகள்தான் அருள் வந்து ஆடுபவரை நேரலையில் விட்டு, கீழே சிரிப்புப் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் இதே போன்ற வழக்கு நடந்தது. பிலிப் லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்குப் பொருத்தி, நடந்து போகிறவர்களைத் தூரத்திலிருந்து எடுத்தார். அதில் ஒரு முதியவர் வைதீக யூதர். தன் உருவத்தைப் படமாக்கி விற்பது தன் மதத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். படத்தின் பிரதிகள் 20,000 டாலருக்கும் மேல் விலைபோயிருந்தன. 2006-இல் நீதிமன்றம் கலைஞர் பக்கம் நின்றது: இது கலை, கலை பேச்சுச் சுதந்திரம். கனடாவிலோ 1998-இல் உச்ச நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. மொன்ட்ரியாலில் ஒரு கட்டடத்தின் படியில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் இதழில் போட்டதற்கு 2,000 டாலர் இழப்பீடு. படத்தில் அசிங்கமாக ஒன்றுமில்லை, நல்ல படம்தான். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, எடுத்ததை விட்டுவிட்டு வெளியிட்டதைப் பிடித்துக்கொண்டது.

என் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். எடுப்பது ஒரு செயல், காட்டுவது இன்னொரு செயல். முதலாவதில் தாராளமாக இருக்கலாம், இரண்டாவதில் கஞ்சத்தனமாக. ஆனால் இதைச் சட்டமாக்கு என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். 2007 நவம்பர் 25 காரணம். அன்று ஹிண்ட்ராஃப் பேரணி. விடியுமுன் பத்துமலைக் கோயில் வளாகத்திலேயே கண்ணீர்ப்புகை அடித்தார்கள், தண்ணீர் பாய்ச்சினார்கள். ஜாலான் அம்பாங் பக்கம் காந்தி படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் மீதும் அதே. யாரிடமும் கையெழுத்து வாங்காமல் எடுத்து, யாரிடமும் கேட்காமல் வெளியிட்ட படங்கள்தான் கோயிலுக்குள் என்ன நடந்தது என்பதை நாட்டுக்குச் சொன்னன. பிறகு 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டு, அது மீட்டுக்கொள்ளப்பட்டது. முகத்தைக் காட்ட அனுமதி வேண்டும் என்று ஒரு சட்டம் அன்று இருந்திருந்தால், அதை முதலில் கையில் எடுத்திருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆலோங்குக்குப் பயப்படுகிற அண்ணன் இல்லை. சீருடை போட்டு வேலை செய்கிறவரைப் படம் எடுத்துக் காட்டலாம், காட்டவும் வேண்டும். அவர் அங்கே நிற்பது தன் பெயரில் இல்லை, நம் பெயரில்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. குழப்புவது பழைய படங்கள்தான். 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனம் மலாயா முழுவதும் படம் எடுத்து விற்றது. அதில் நம் ஆட்கள் நிறைய. கீழே ஆளின் பெயர் இருக்காது, 'தமிழ்', 'கிளிங்' என்று இனத்தின் பெயர் இருக்கும். மூக்குத்தியும் கண்டாங்கியுமாக ஒரு பெண் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பாள். வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட படங்களை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். நான் மேலே சொன்ன எல்லா அளவுகோலிலும் இது தப்பு. கேட்கவில்லை, காட்டினார்கள், விற்றார்கள், பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருக்கும் பாட்டியின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அவசரகாலத்தில், 1948-இல், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் கொடுத்துப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்கியது. பால் மரம் வெட்டும் வீட்டுப் பிள்ளையான பாட்டி முதன்முதலாகக் கேமராவுக்கு முன்னால் நின்றது அதற்காகத்தான். "மூஞ்ச நேரா வையின்னு அதட்டுனான், எனக்கு அழுகையா வந்திருச்சு" என்பார். அதற்குப் பிறகும் அட்டை மாற்றும்போதெல்லாம்தான் படம். இளமையில் சிரித்தபடி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பாட்டியின் அம்மாவுக்கு எந்தப் படமும் இல்லை.

அதனால் ஏல இணையதளங்களில் லாம்பர்ட் படங்கள் வரும்போது நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தாடை, காது, நிற்கிற விதம். அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், பாட்டியைத் தெரிந்தவனாக அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே விலை போட்டிருக்கிறது. இன்னொரு படத்துக்குப் போகிறேன்.