சிறைக்கோட்டமா, அறக்கோட்டமா?



கொல்லாமையைச் சீலமாக ஏற்றுக்கொண்ட ஒருவன் தோட்டத்துக் குளத்தில் மீன் வளர்க்கலாமா என்னும் வினா நம்மிடையே எழுந்திருக்கிறது. தாராவியில் ஒற்றை அறையில் குடியிருப்பவனுக்குத் தோட்டம் ஏது, குளம் ஏது என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இவ்வினாவை எழுப்பியவர்கள் பொழுது போகாதவர்கள் அல்லர். நம்மவருள் பலர் செம்பூரிலும் மாதுங்காவிலும் இன்னும் பல இடங்களிலும் பங்களாக்களிலும் ஓட்டல்களிலும் தோட்ட வேலை செய்து பிழைக்கின்றனர். அங்குள்ள குளங்களில் 'கோய்' என்னும் வண்ணக் கெண்டைகளுக்கு இரை போடுவதும், நீர் மாற்றுவதும், செத்து மிதக்கும் மீனை எசமானர் எழுமுன் அள்ளி அப்புறப்படுத்துவதும் அவர்களுடைய கைகளே. ஆகவே இது செல்வரின் பொழுதுபோக்கைப் பற்றிய வினா மட்டும் அன்று. உழைப்பவனின் மனச்சான்றைப் பற்றிய வினாவும் ஆகும். இதனைப் பொறுமையுடன் ஆராய்வோம்.

முதலில் அம்மீன் எத்தகையது என்பதை அறிவோம். கோய் என்பது தனியே தோன்றிய இனம் அன்று. உணவுக்காக வளர்க்கப்பட்ட சாதாக் கெண்டையே அதன் மூதாதை. ஜப்பான் நாட்டில் நீகாட்டா மாநிலத்து மலைக்கிராமங்களில், நெல் விளைத்த உழவர்கள் தங்கள் பாசனக் குளங்களில் கெண்டை வளர்த்து வந்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவற்றுள் சில சிவப்பும் வெள்ளையுமாய்ப் பிறக்க, அவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். 1914-ஆம் ஆண்டு தோக்கியோ பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்ட பிறகே உலகம் அவற்றை அறிந்தது. ஏழை உழவன் வளர்த்த மீனே இன்று மாளிகைக் குளங்களின் அணிகலனாயிற்று என்பதை நினைவில் வைப்போம்.

அந்த மலைநாட்டில் பனி பொழியும். நீர் குளிர்ந்த மாதங்களில் அம்மீன் இரை நாடாது அடியில் அசையாமல் கிடக்கும். மும்பையிலோ குளிர்காலம் என்பது பெயரளவே. இங்கே ஆண்டு முழுவதும் அது தின்னும், வளரும், கழிவு வெளியிடும். இரண்டு அடிக்கு மேலும் நீளும்; நன்கு பேணினால் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும். விரல் நீளக் குஞ்சை வாங்கி வருகிறவன் தன் பிள்ளையின் திருமணம் வரைக்கும் உடனிருக்கக்கூடிய ஓர் உயிரை வாங்கி வருகிறான். இதை நினைத்து வாங்குவோர் எத்தனை பேர்?

இனி வினாவுக்கு வருவோம். ஒரு சாரார், "உயிரைச் சுவருக்குள் அடைப்பதே தீமை, எனவே குளம் கூடாது" என்பர். மற்றொரு சாரார், "கொல்லவில்லை, தின்னவில்லை, சோறு போட்டு வளர்க்கிறோம், இதில் குற்றம் எங்கே?" என்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழுமை உடையன அல்ல.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக மனிதன் கையிலேயே பிறந்து வளர்ந்த இம்மீனுக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லை. "விடுதலை தருகிறேன்" என்று பவாய் ஏரியிலோ வேறு நீர்நிலையிலோ விடுவது அறம் ஆகாது. கெண்டை சேற்றைக் கிளறும், நீரைக் கலக்கும், செடிகளை வேரோடு பெயர்க்கும். அங்கே முன்னரே வாழும் உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கும். நம் நாட்டுக்குச் சாதாக் கெண்டை வந்ததே அண்மைக் காலத்தில்தான். 1939-இல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்கு ஒரு வகையும், 1957-இல் பாங்காக்கிலிருந்து மற்றொரு வகையும் கொண்டுவரப்பட்டன. பின்னர்க் காஷ்மீரத்து ஏரிகளில் அது பெருகியபோது அந்நாட்டுக்கே உரிய மீன்கள் குறைந்துபோயின. ஓர் உயிர்க்கு இரங்கி ஆயிரம் உயிரைத் துன்புறுத்துவது இரக்கம் ஆகுமா?

இரண்டாம் கூற்றுக்கு மறுமொழி நம் மும்பையிலேயே இருக்கிறது. வாள்கேசுவரத்தில் பாண்கங்கா என்னும் தொன்மையான குளம் உண்டு. கடலுக்கு அருகிருந்தும் ஊற்றினால் நன்னீர் சுரப்பது அது. மூதாதையரை நினைக்கும் மகாளய அமாவாசையை ஒட்டி மக்கள் திரண்டு வந்து, பிண்டமும் மாவும் பூவும் அந்நீரில் இடுகின்றனர். பல ஆண்டுகளில், அடுத்த சில நாட்களிலேயே குளத்து மீன்கள் குவியல் குவியலாகச் செத்து மிதந்துள்ளன. நஞ்சிட்டவர் யாரும் இல்லை. இட்டவர்கள் அனைவரும் அன்பினால் இட்டார்கள். அவ்வுணவு நீரில் அழுகியது. அழுகலை உண்டு பெருகிய நுண்ணுயிர்கள் நீரிலிருந்த பிராணவாயுவை எடுத்துக்கொண்டன. மீன்கள் மூச்சின்றி மாண்டன. இதைச் சொல்வது பிறர் சமயத்தைப் பழிப்பதற்கு அன்று. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

செயலின் வேர் எண்ணம் என்பது பகவான் புத்தரின் போதனை. பாண்கங்காவில் பிண்டம் இட்டவர்க்குக் கொல்லும் எண்ணம் இல்லை. எனவே கொலைக் குற்றமும் இல்லை எனலாம். ஆனால் காரணம் வெளிப்பட்ட பிறகு, மறு ஆண்டும் அதையே செய்கிறவனை என்னென்பது? அறிய வாய்ப்பிருந்தும் அறிய மறுப்பதும் ஓர் எண்ணமே. அறியாமையைத் தீமையின் மூலங்களுள் ஒன்றாகப் பௌத்தம் வைத்தது இதனாலன்றோ!

ஆகவே குளத்துக்குள் நடப்பது யாது என்று மீன் வளர்ப்போன் அறிந்தே ஆகவேண்டும். நீர் சூடேற ஏற, அது தாங்கும் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். ஆனால் வெப்பத்தில் மீனின் உடல் விரைந்து இயங்குவதால் அதன் தேவையோ மிகும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் என்னாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும், குளத்தைப் பச்சையாக்கும் பாசி பகலில் பிராணவாயு தரும். இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். எனவே வாயு மிகக் குறையும் வேளை விடியற்காலமே. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து திணறுவது அப்போதுதான். பத்து மணிக்கு நாற்காலி போட்டு அமர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் அழகாகவே தோன்றும். மூன்றாம் ஷிப்டு வேலை பார்த்தவர்களே விடியலின் துன்பத்தை அறிவார்கள்.

நான் ஆலையில் வேலை செய்த நாட்களில், நூல் அறாமல் இருப்பதற்காகத் தறிக்கூடத்துக் காற்றை ஈரமாக்கி வைப்பார்கள். அந்த ஏற்பாடு முழுவதும் நூலுக்காக. அதைச் சுவாசிக்கும் ஆளுக்காக அன்று. பல குளங்களும் இவ்வாறே கட்டப்படுகின்றன. ஓரடி ஆழம், பளிங்குக் கரை, மேலே நிழலில்லாத வெயில், உள்ளே முப்பது மீன். அந்த ஏற்பாடு பார்ப்பவன் கண்ணுக்காக. உள்ளே மூச்சுவிடும் மீனுக்காக அன்று. மீனுக்காகக் கட்டுவதாயின் ஆழம் நான்கு அடியேனும் வேண்டும். பாதிக் குளத்துக்கு நிழல் வேண்டும். இரவும் பகலும் நீரை வீழ்த்திக் காற்றூட்டும் பொறி வேண்டும். ஒரு மீனுக்கு ஆயிரம் லிட்டர் என்பது பலரும் கூறும் அளவு.

கழிவைப் பற்றியும் கூறவேண்டும். மீன் வெளியிடும் அம்மோனியா அதற்கே நஞ்சு. வெப்பத்தில் அந்நஞ்சின் கடுமை மிகும். அதைத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். இன்று குளம் கட்டி நாளை மீன் விடுகிறவன் அவற்றை நஞ்சில் விடுகிறான். குழாய் நீரை நேரே திறந்துவிட்டால் அதிலுள்ள குளோரின் செவுளைச் சுடும். இரையோ, ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போடத்தக்கது. கெண்டைக்கு இரைப்பை என்னும் உறுப்பே கிடையாது; அதனால் அது எந்நேரமும் இரை தேடும், மனிதன் நிழல் கண்டால் வாய் திறந்து ஓடிவரும். அதனைப் பசி என்று எண்ணி அள்ளி அள்ளிப் போடுவோர், தங்கள் இரக்கத்தின் இன்பத்துக்காக அதன் நீரைக் கெடுக்கின்றனர்.

இனி அயலானைப் பற்றி. பத்தாயிரம் லிட்டர் குளத்தில் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் ஆயிரம் லிட்டர் ஆகும். நாளொன்றுக்கு நூற்று நாற்பது லிட்டருக்குச் சற்று மேல். நகரவாசி ஒருவருக்கு நாள்தோறும் 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. எனவே ஒரு சிறு குளம் ஓர் ஆளின் நீரைக் குடிக்கிறது. குடத்துடன் வரிசையில் நிற்கும் நம் தாய்மார்கள் இந்தக் கணக்கைக் கேட்க உரிமை உடையவர்கள். நீரும் நீதியும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டியவை என்பதை நமக்குக் கற்பித்தது மகாடு நகரின் சவதார் குளம். கால்நடையும் இறங்கிக் குடித்த அந்நீரைத் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்கள் தொடலாகாது என்றனர். 1927 மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் அதில் இறங்கிக் கைகளால் அள்ளிக் குடித்தார். உயிர்களுக்கு நீர் உண்டு, மனிதனுக்கு இல்லை என்ற நிலையை நாம் மறக்கவும் கூடாது, மீண்டும் உண்டாக்கவும் கூடாது. ஆயின் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. மும்பையில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கூரைநீரைச் சேர்த்துவைத்துக் குளத்துக்குப் பயன்படுத்தலாம். குளத்திலிருந்து இறைத்த நீர் செடிகளுக்கு நல்ல உரம். அதைச் சாக்கடையில் விடுவது மடமை.

வாணிகம் பற்றியும் ஐயம் எழும். உபாசகன் விலக்கத்தக்க ஐந்து வாணிகங்களுள் உயிர் வாணிகமும் ஒன்று. பழைய உரையாசிரியர்கள் அதற்கு மனிதரை விற்பது என்று பொருள் கூறினர். எனவே கிராபர்டு மார்க்கெட்டில் வண்ணமீன் விற்பவரையோ, சென்னைக் கொளத்தூரில் அதனை வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களையோ சீலம் இழந்தவர் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. ஆனால் பத்தில் எட்டு செத்தாலும் இலாபம் உண்டு என்று கணக்கிட்டு விற்பவனும், செத்தால் வேறு வாங்கலாம் என்று வாங்குபவனும் உயிரைப் பண்டமாக்குகிறார்கள். குற்றம் அங்கேதான் பிறக்கிறது. அசோக மன்னர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் உபோசத நாட்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாதென விதித்தார். வாழ்நாள் முழுவதும் விலக்க இயலாதவனையும் சில நாட்களேனும் நின்று நினைக்கச் செய்தார் என்பது அதன் கருத்து.

நாம் ஏற்ற இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று, எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. அவற்றைப் பேணிக் காப்பதையும் சேர்த்தே கூறுகிறது. துன்பம் செய்யாதிருப்பது ஒன்று, பொறுப்பேற்பது மற்றொன்று. குளம் கட்டுகிறவன் இரண்டாவதையும் ஏற்றவன் ஆகிறான். காற்று, நீர், இரை, நோய், மூப்பு என அனைத்துக்கும் அவனே விடை சொல்லவேண்டும். ஆற்றிலுள்ள மீன் பஞ்சத்தில் மடிந்தால் அது இயற்கை. நான் வெட்டிய குழியில் மடிந்தால் அது என் கணக்கு.

மணிமேகலையின் வரலாற்றை நாம் அறிவோம். கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த அமுதசுரபியைக் கையேந்தி, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறையில் பசித்துக் கிடந்தோர்க்கு உணவளித்தாள். சோழ மன்னன் மகிழ்ந்து, வேண்டுவது யாது என்று கேட்டபோது, அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தரவேண்டினாள். உணவளித்ததோடு அவள் மனம் நிறையவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவருக்குள் இருப்போர்க்குச் சோறு போடுவது மட்டும் அறம் அன்று. அந்தச் சுவர் யாருக்காக நிற்கிறது என்று கேட்பதும் அறம்.

ஆதலின் என் முடிவு இது. மீனுக்காக ஆழமும் நிழலும் காற்றும் தர இயலுமாயின், அயலானின் குடத்தைக் குறைக்காமல் நீர் தர இயலுமாயின், அதன் ஆயுள் முழுவதும் பேண மனம் உண்டாயின், வளர்க்கலாம்; அது அறக்கோட்டம். இவற்றுள் ஒன்று இயலாதாயினும் வளர்க்கலாகாது. கரை பளிங்கானாலும் அது சிறைக்கோட்டமே. அத்தகையோர் குளத்தில் அல்லியை வளர்த்து மகிழட்டும். கொசு பெருகாமல் நீரை மட்டும் கவனித்துக்கொள்ளட்டும்.

பிறர் குளத்தைப் பேணும் சகோதரர்களுக்கு ஒரு சொல். குளம் உங்களுடையது அன்று. ஆயினும் அதன் விடியற்காலத்தைக் காண்பவர் நீங்களே. மீன் ஏன் சாகிறது என்று எசமானருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். செத்ததை அள்ளி எறிந்துவிட்டு வாய் மூடி இருந்தால் அறியாமையில் உங்களுக்கும் பங்கு உண்டாகும். ஆதலால் பணிவுடன், ஆனால் அஞ்சாமல் கூறுங்கள்: "ஐயா, புது மீன் வாங்கவேண்டாம், காற்றுப் பொறியை இரவில் நிறுத்தவேண்டாம், இரையைக் குறையுங்கள்." கேட்டால் உயிர்கள் பிழைக்கும். கேளாவிடினும் நீங்கள் நாள்தோறும் செய்யும் பேணுதல் வீண்போகாது. கூலிக்குச் செய்தாலும் கருணையோடு செய்த வேலை தம்மமே ஆகும்.