பகுதி தெரியாத ஒப்பீடு

மஃக்ரிபு தொழுகை முடிந்து வந்த நேரம். தொப்பூரில் நமக்கு வேண்டிய ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பிள்ளைகள் கணக்கு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தம்பி மக்கள். இருவரும் ஆறாம் வகுப்பு. மூத்தவரின் மகன் வேன் ஏறி மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகிறவன். இளையவரின் மகன் அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறவன்.

"உனக்கு எத்தனை கணக்கு?"

"ஆறு."

"எனக்குப் பத்து. உங்க வகுப்பு லெவல் அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்புத் தங்கையையும் அவன் விடவில்லை. "இவ இன்னும் அரும்புலயே இருக்கா" என்று சிரித்தான். அந்தப் பெண் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இளையவர் தம் மகனைப் பார்த்து, "அண்ணனைப் பார்த்துக் கத்துக்கடா. அவன் எங்கே, நீ எங்கே!" என்றார். கடிந்து சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நம் வீடுகளில் நாள் தவறாமல் சொல்லப்படும் வார்த்தை அன்றோ இது!

அன்றிரவு அங்கேயே தங்க நேர்ந்தது. சுபுஹுக்குப் பின் பார்த்தால், அந்தச் சிறுவன் தன் நோட்டில் ரப்பர் வைத்து எதையோ அழித்துவிட்டு, அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு, இவற்றில் பெரியது எது என்பது கணக்கு. அவன் முதலில் மூன்றில் இரண்டுதான் பெரியது என்று போட்டிருந்தான். அது சரியான விடை. அதை அழித்துவிட்டு, அண்ணன் எழுதியிருந்த தவறான விடையை எழுதிக்கொண்டான்.

"ஏன் தம்பி, நீ போட்டது சரியாகத்தானே இருந்தது?" என்றேன்.

"அவங்க இங்கிலீஷ் மீடியம், மாமா. அது தப்பா இருக்காது" என்றான்.

அன்புச் சகோதர சகோதரிகளே! அந்தப் பதில் என் மனத்தை விட்டு அகலவில்லை. திருடுவதற்காக அந்தப் பிள்ளை காப்பி அடிக்கவில்லை. தன் அறிவின்மீது தனக்கே நம்பிக்கை போய்விட்டதால் சரியானதை அழித்துத் தவறானதை எழுதினான். அந்த ரப்பரை அவன் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

பிள்ளைகள் தங்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமா? பாவம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பிறரிடம் உள்ள நிஃமத் அவரைவிட்டு நீங்க வேண்டும் என்று விரும்புவது ஹஸத். அவருக்கும் இருக்கட்டும், எனக்கும் அதுபோல் கிடைக்கட்டும் என்று விரும்புவது கிப்தா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். முன்னது ஈமானை அரிக்கும் நோய். பின்னது முயற்சிக்குத் தூண்டுகோல். ஆகவே அண்ணனைப் பார்த்துத் தானும் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் குற்றமில்லை.

ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் கணக்கே இதற்குப் பாடம் சொல்கிறது. ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு என்ற பின்னங்களில் மேலே நிற்கும் தொகுதியை மட்டும் பார்த்தால் இரண்டைவிட மூன்று பெரியது. ஆகவே ஐந்தில் மூன்றுதான் பெரியது என்று தோன்றும். மூத்தவர் மகன் செய்த தவறு இதுவே. கீழே நிற்கும் பகுதிகளைச் சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். பதினைந்தைப் பொதுப் பகுதியாக்கினால் முதலாவது பதினைந்தில் ஒன்பது. இரண்டாவது பதினைந்தில் பத்து. மேலே சிறிய எண் உள்ளதே பெரியதாகிவிடுகிறது.

பிள்ளைகளின் மார்க்கும் லெவலும் ரேங்க்கும் தொகுதி எண்கள். அவற்றின் கீழே கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? பாடம் தாய்மொழியிலா, வேற்று மொழியிலா? மாலையில் கடைக்கும் கிணற்றுக்கும் ஓடுகிற பிள்ளையா, ட்யூஷனுக்குப் போகிற பிள்ளையா? இரவில் வயிறு நிறைந்ததா? இவற்றையெல்லாம் முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஒவ்வொருவரிடமும் அவரவர் சக்திக்குத் தக்கபடியே அவன் கேட்கிறான் என்பது நம் நம்பிக்கை. பகுதி தெரியாத நாமோ மேலெண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்.

அந்த வீட்டில் இன்னொரு அறியாமையும் இருந்தது. 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். இரு பிள்ளைகளும் போட்டது ஒரே கணக்கு. மொழி மட்டுமே வேறு. அதற்குள் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று எங்கிருந்து வந்தது?

அரும்பு, மொட்டு, மலர் என்பவையும் இப்படித்தான். 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், எந்தப் பிள்ளைக்கு எதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்காக வைத்த நிலைகள் அவை. வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது அது. அதையே பட்டப்பெயராக்கி ஒரு பிள்ளையை அழ வைப்பதை மார்க்கம் அனுமதிக்குமா? பரிகாசம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை நாம் ஓதுகிறோம். பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. மூன்றில் இரண்டு என்று எழுதிய சிறுவனுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது!

ஒப்பீட்டின் உறுத்தல் பெரிய அறிவாளிகளையும் விட்டதில்லை. கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்தில் சிறுவனாகப் படித்தபோது ஒரு கணக்குத் தேர்வில் 45க்கு 42 வாங்கினார். தோழன் ஒருவன் 43 வாங்கிவிட்டான். அந்த ஒரு மார்க்குக்காக அவர் தோழனோடு பேசாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினார் என்று அவர் வரலாற்றில் காண்கிறோம். பின்னாளில் அவரே கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. எந்த மார்க்கை வைத்து அவரை அளப்பது? மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டது. அரசு விட்டதை நாம் வீட்டுத் திண்ணையில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் பிள்ளைகள் நோட்டை ஒப்பிடவே கூடாதா? தாராளமாக ஒப்பிடட்டும். "உனக்கு என்ன விடை வந்தது? எனக்கு வேறு வந்ததே, எப்படிப் போட்டாய்?" என்று கேட்கட்டும். வழியை ஒப்பிட்டால் இருவருக்கும் இல்மு கூடும். ஆளை ஒப்பிட்டால் ஒருவனுக்குப் பெருமையும் ஒருவனுக்குத் தாழ்வும்தான் மிஞ்சும். பார்த்து எழுதக் கொடுப்பதும் உதவியாகாது. தோழன் செய்யாததைச் செய்ததாகக் காட்டி ஆசிரியரை ஏமாற்றத் துணைபோவதே அது.

கணக்கு நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. ஜகாத் நாற்பதில் ஒன்று. பிள்ளைகள் உள்ள கணவன் மௌத்தானால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அல்ஜப்ரா என்ற பெயருக்கே மூலமான நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதிய அல் குவாரிஸ்மி, அதன் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குக்கே ஒதுக்கினார். பின்னத்தைப் பார்த்தெழுதிப் பழகிய பிள்ளை நாளை யாருடைய பங்கைப் பிழையாகப் பிரிக்குமோ?

அன்று காலை பதினைந்து பேரீச்சம்பழங்களை எடுத்துப் பிள்ளைகள் முன் வைத்தேன். முதலில் ஐந்து சம பங்காக்கி மூன்று பங்கை எண்ணச் சொன்னேன், ஒன்பது. பிறகு மூன்று சம பங்காக்கி இரண்டு பங்கை எண்ணச் சொன்னேன், பத்து. மூத்தவர் மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னுதுதான் தப்பு" என்று ரப்பரைக் கேட்டு வாங்கினான். தம்பி தன் பழைய விடையை மறுபடி எழுதினான். இருவர் முகத்திலும் தோல்வி இல்லை. உள்ளே இருந்த தங்கையும் பழம் எண்ண வந்துவிட்டாள்.

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் முனகி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வண்டி அதைத் தாண்டிப் போகும். அதனால் லாரி மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. சுமை தெரிந்தவர்கள் அதற்கு வழி விடுவார்கள்.

இன்றிரவு பிள்ளையிடம் "உன் ரேங்க் என்ன?" என்று கேட்காதீர்கள். "நேற்று வராத கணக்கு இன்று வந்ததா?" என்று கேளுங்கள். நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிட நமக்கு உரிமையுண்டு. அங்கே பகுதி ஏறக்குறைய ஒன்றுதான்.

பயனுள்ள கல்வியையும் பொறாமையற்ற உள்ளத்தையும் நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.