வீட்டுக் கடனும் நமது கடமையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வீட்டை நாம் அமைதி பெறும் இடமாக அவனே ஆக்கித் தந்தான் என்று திருமறையின் நஹ்ல் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அமைதி தரவேண்டிய அந்த வீடே மனிதனின் உறக்கத்தைப் பறிக்குமாயின் அதற்குக் காரணம் யாது? கல்லும் மண்ணும் அல்ல; கணக்குப் பாராமல் வாங்கிய கடனே காரணம்.

நமது பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமும் ஈய லம்பமுமாக இருந்த ஊர். இன்று எத்திசை நோக்கினும் அடுக்கு மாடிகள். 2016-இல் எல்.ஆர்.டி. இரயிலும் ஊர் நடுவே ஓடத் தொடங்கிற்று. நமது பிள்ளைகளும், நமது கடைகளில் உழைக்கும் தம்பிமார்களும் சொந்த வீடு வேண்டுமென்று விரும்புவது நியாயமே. ஆனால் பேங்கில் மனுப் போட்டதும் பலருக்கு 'இல்லை' என்ற பதில் வருகிறது. ஏன்? பேங்க் நெகாராவின் சிசிரிஸ் ஏட்டில் கடந்த 12 மாதங்களில் அவர் தவணை கட்டிய விதம் மாதம் மாதமாகப் பதிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் தவணை தவறியதும் அதில் உண்டு. கடன் அட்டை பாக்கியும் அதில் உண்டு.

இத்தகையவர் வீடு வாங்குமுன் ஆலோசனை பெற்றே தீரவேண்டும் என்று சட்டம் செய்யலாமா என்பது உலகில் பல இடங்களில் எழுந்த கேள்வி. அமெரிக்காவில் சிக்காகோ நகரின் 10 அஞ்சல் வட்டாரங்களில் 2006 செப்டம்பரில் அப்படி ஒரு விதி வந்தது. அது வந்ததும் கடன் கொடுப்போர் பலர் அந்த வட்டாரங்களை விட்டே விலகினர். கறுப்பரும் லத்தீன் மக்களும் மிகுந்து வாழும் பகுதிகளை மட்டும் குறிவைத்தார்கள் என்று கண்டனம் எழுந்தது. 2007 ஜனவரியில் விதி நிறுத்தப்பட்டது. குடியிருக்கும் தெருவைப் பார்த்து ஒருவனைச் சந்தேகிப்பது நீதியன்று என்பதே இதில் நமக்குப் பாடம்.

நமது நாட்டில் வேறு வழி கண்டார்கள். 2006-இல் பேங்க் நெகாரா ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையத்தை அமைத்தது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வரவையும் செலவையும் எழுதிப் பார்த்து, பேங்குகளோடு பேசி, தாங்கக்கூடிய தவணையாக மாற்றித் தரவும் அவர்கள் முயல்கிறார்கள். 2019 ஜனவரியில் எளியோர் முதல் வீடு வாங்க 100 கோடி வெள்ளி நிதியைப் பேங்க் நெகாரா ஒதுக்கியபோது, ஏ.கே.பி.கே.யின் 'ரூமாக்கூ' என்னும் வீட்டுப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது.

"கடன் கேட்கப் போனவனுக்குப் பாடமா? இது அவமானமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். சகோதரர்களே, நிக்காஹ் முடிக்குமுன் நம் பிள்ளைகள் திருமணப் பயிற்சிக்குப் போகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தவாஃபும் ஸஃயும் படித்துக்கொண்டு போகிறார். அதையெல்லாம் யாரும் அவமானம் என்பதில்லை. 35 ஆண்டு சுமக்கப்போகும் பாரத்திற்கு மட்டும் படிப்பு வேண்டாமா?

மார்க்கம் என்ன சொல்லுகிறது? வயது வந்த அநாதையிடம் அவன் சொத்தை ஒப்படைக்குமுன் அவனைச் சோதித்துப் பார்க்கும்படி நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். மார்க்கத்தை விளங்காதவன் நம் கடைவீதியில் விற்க வேண்டாம் என்று கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. விற்பவனுக்கே அறிவு கட்டாயம் என்றால், தலைமுறைக் கடன் வாங்குபவனுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

கடனின் கடுமையையும் எண்ணிப் பாருங்கள். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழவைக்க நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தயங்கினார்கள். அபூ கதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். ஆயினும் கடனாளியை நபியவர்கள் வெறுக்கவில்லை. பின்னாளில் வசதி வந்தபோது, கடனோடு இறக்கும் முஃமினின் கடனைத் தாமே அடைப்பதாக அறிவித்தார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனில் சிக்கியவரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். கண்டிப்பும் கருணையும் சேர்ந்ததே நம் தீன்.

ஒரு கணக்குப் பாருங்கள். 300,000 வெள்ளியை ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் 35 ஆண்டுக்கு வாங்கினால், மாதம் சுமார் 1,330 வெள்ளி. முடிவில் கட்டியது சுமார் 558,000 வெள்ளி. வட்டியை விட்டு விலகி இஸ்லாமிய முறையில் வாங்குவது நம்மீது கடமை. ஆனால் 'இஸ்லாமிய முறை' என்ற பெயர் இருப்பதால் தவணை தானாகக் குறைந்துவிடாது. அந்தத் தொகையை நம் வருமானம் தாங்குமா என்று முதலில் கேட்கவேண்டும்.

ஆகவே வணிகர்களாகிய நாம் செய்யவேண்டியவை மூன்று.

ஒன்று: வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் நம் சிசிரிஸ் ஏட்டை நாமே வாங்கிப் பார்க்கவேண்டும். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியே எழுதவேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். பேரேடு எழுதும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமா?

இரண்டு: நம்மிடம் வேலை செய்பவர் கடனில் தத்தளித்தால், அவர் ஆலோங்கின் வாசலுக்குப் போகுமுன் ஏ.கே.பி.கே.யின் வாசலைக் காட்டவேண்டும். ஒரு நாள் விடுப்பும் கொடுக்கவேண்டும். 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்று மறைத்தே பல குடும்பங்கள் மூழ்கின. கடனைத் தீர்க்க வழி தேடுவதில் மானக்கேடு இல்லை. வாக்குத் தவறுவதிலேயே இருக்கிறது.

மூன்று: நமக்குக் கடன்பட்டவர் உண்மையில் இடுக்கண் பட்டிருந்தால், அவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கவேண்டும். பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை இது. விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அவனே சொல்லுகிறான். பேங்க் நமக்கு இரக்கம் காட்டவில்லை என்று குறைப்படும் நாம், நம் பற்றுவழிப் புத்தகத்தில் எத்தனை பேருக்கு இரக்கம் காட்டினோம்?

யா அல்லாஹ்! கடன் சுமையிலிருந்து எங்களைக் காப்பாயாக. கடன்பட்டோருக்கு நேர்வழியும், கொடுத்தோருக்குப் பொறுமையும் தருவாயாக. ஹலாலான வருவாயில், உன் திக்ரு ஒலிக்கும் இல்லங்களை எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.