பாடி மாறிய வண்டி அதே வண்டியா?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய உயர்தர பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் முழு வண்டியாக விற்கப்பட்டதில்லை. 1919-இல் தொடங்கிய பென்ட்லி நிறுவனம் விற்றது சேசிஸை: நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றின்மேல் எஞ்சின், கியர்பெட்டி, அச்சுகள், ஸ்டியரிங், முகப்பில் ரேடியேட்டர். வாங்கியவர் அதை வேண்டன் பிளாஸ், கர்னி நட்டிங், எச். ஜே. மல்லினர் போன்ற பட்டறை ஒன்றுக்கு அனுப்பித் தம் விருப்பப்படி பாடி கட்டிக்கொள்வார். ஆஷ் மரத்தில் கூடு செய்து, அலுமினியத் தகட்டை அடித்து வளைத்து அதன்மேல் போர்த்துவார்கள். எடை குறைய வேண்டுமென்றால் தகட்டுக்குப் பதில் பூச்சுத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பந்தயத்தில் ஓடிய சேசிஸ் சில ஆண்டுகள் கழித்துக் கூரை போட்ட வண்டியாக மாறுவது அன்று சாதாரணம். இதற்கு எதிர்த்திசையிலும் வேலை நடந்தது: கனமான பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் பந்தயக் காரின் சாயலில் புதிதாகக் கட்டினார்கள். இன்று ஏலத்துக்கு வரும் ‘பந்தய’ பென்ட்லிகளில் பல இவ்வழியில் பிறந்தவையே.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கியது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரையே கட்டினார். எண்ணூரில் செய்த லேலண்டு சேசிஸைக் கூரையோ கதவோ இல்லாமல் காற்றும் வெயிலும் முகத்தில் அடிக்கக் கரூர்வரை ஓட்டிச்சென்று அங்கே பஸ் பாடி கட்டுவதும் அதே தொழில்முறைதான். ஆனால் பஸ்ஸுக்குப் புதுப் பாடி போட்ட முதலாளி, இது பழைய பஸ்தானா என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் உலகில் அந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அது தத்துவத்தில் மிகப் பழைய கேள்வி. இந்திய மரபில் அது எழுந்ததே ஒரு வண்டியை முன்னிட்டுத்தான்.

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்த பிக்கு, நீ வந்த தேர் எது என்று கேட்டதாகப் பாலி நூலான மிலிந்த பஞ்ஹா சொல்கிறது. அச்சா, சக்கரமா, நுகமா, இவை எல்லாம் சேர்ந்த குவியலா? ஒவ்வொன்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். பாகங்கள் ஒரு முறையில் கூடியிருக்கும்போது நாம் வசதிக்காக வைக்கும் பெயரே தேர் என்பது பிக்குவின் முடிவு. வைசேடிகர் இதற்கு நேர்மாறு. பாகங்களில் தங்கினாலும் அவற்றிலிருந்து வேறான முழுமை ஒன்று உண்டு. ஆடையிலிருந்து ஓர் இழையை உருவினால்கூடப் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை பிறக்கிறது என்றார்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், பாடி எண் மூன்றும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்தினால்தான் வண்டியைத் தொடுவேன் என்னும் சேகரிப்பாளர் தம்மை அறியாமல் வைசேடிகர்.

இரு நிலைகளுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு: பாகங்களில் ஏதோ ஒன்று மட்டும் தலையாயது, மற்றவை மாறலாம் என்பது. கூடங்குளத்தில் ஓடும் 1000 மெகாவாட் ரஷ்ய அணுஉலைகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பம்பு, டர்பைன், ஏன், நீராவி ஆக்கிகள்கூட மாற்றத்தக்கவை. எரிபொருளைத் தாங்கும் எஃகு அழுத்தக் கலத்தை மாற்றுவது நடைமுறையில் கூடாத காரியம். உலையின் ஆயுளை முடிவுசெய்வது அதுவே. காருக்கு இந்த இடத்தைச் சேசிஸுக்குக் கொடுப்பது வழக்கம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் வண்டியை அடையாளம் காண்பது சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வைத்துத்தான்.

இந்த வழக்கம் எவ்வளவு தாங்கும் என்பதை 1990-இல் லண்டனில் நடந்த வழக்கு ஒன்று சோதித்தது. வூல்ஃப் பர்னாட்டோ 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரில். பின்னர் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது, சேசிஸும் மாறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் அது விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். எஞ்சியதை எடுத்துக் கூரை போட்ட கூப்பே பாடி கட்டிச் சாலைக் காராக்கினார்கள். பல கைகள் மாறியபின் ஒரு நிறுவனம் அதற்கு 1 கோடி பவுண்டு விலை பேசிவிட்டு, இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்கியது. நீதிபதி ஆட்டனின் தீர்ப்பு நுட்பமானது. 1929-இல் வென்ற வண்டியின் உலோகம் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. ஆகவே அதை மூல வண்டி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளும் அது கலைக்கப்பட்டு வேறொன்றாகப் பிறக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையின் தொடர்ச்சியாகவே நடந்தது; எந்தக் கட்டத்திலும் அந்தப் பெயருக்குப் போட்டியாக இன்னொரு வண்டி நின்றதில்லை. எனவே அதை ஓல்டு நம்பர் ஒன் என்றே அழைக்கலாம். விற்றவர் வென்றார்.

தொடர்ச்சியே அடையாளம் என்னும் இந்தக் கொள்கைக்கு நேர் எதிரே நிற்பது ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் கதை. இத்தாலியின் சகாட்டோ பட்டறை மெல்லிய அலுமினியத்தில் பாடி கட்டிய டிபி4 ஜிடி சகாட்டோ 1960களின் தொடக்கத்தில் 19 மட்டுமே வெளிவந்தது. அப்போது ஒதுக்கிப் பயன்படாமல் போன சேசிஸ் எண்களை எடுத்து, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதே பட்டறையில் பாடி கட்டி மேலும் நான்கு செய்தார்கள். ஜாகுவாரும் 2014-இல், 1960களில் கட்டாமல் விட்ட ஆறு இலகுரக இ-டைப் கார்களைப் பழைய எண்களிலேயே கட்ட முன்வந்தது. வடிவம் அதே, செய்தவரும் அதே, எண்ணும் உண்மையான எண். இல்லாதது வாழ்க்கை. இவற்றைப் பழைய வண்டிகளோடு ஒரே வரிசையில் வைக்கச் சேகரிப்பாளர்கள் தயங்குவது சரியே. எண் என்பது ஒரு வாழ்க்கைக்கு வைத்த பெயர். வாழாத காலத்தை அது கொண்டுவந்து தராது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஏற்ற கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்தது. மற்ற கார்களெல்லாம் ஒருங்கிணைந்த கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஹெரால்டு மட்டும் தனிச் சேசிஸோடு வந்ததற்குக் காரணம் தத்துவம் எதுவும் இல்லை. பாடி செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டதால், துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட்டால் முறுக்கும் வடிவத்தை மிக்கெலாட்டி வரைய வேண்டியிருந்தது. அந்தச் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. பாண்ட் நிறுவனம் அதே சேசிஸின்மேல் ஃபைபர் கண்ணாடியில் வேறொரு பாடி போட்டது. கழற்றி மாட்ட இவ்வளவு வாகான வண்டி அபூர்வம். கூடங்குளம் போன்ற கடலோர ஊரில் நிற்கும் ஹெரால்டின் கதியை எண்ணிப்பார்க்கலாம். உப்புக் காற்று கதவின் அடிப்பகுதியை அரிக்கிறது, டிங்கரிங் பட்டறை புதுத் தகடு ஒட்டுகிறது. பிறகு சேசிஸின் பக்கக் கைகளும் துருப்பிடிக்கின்றன. தலையாய பாகம் என்று நம்பியதும் கரைந்து, கடைசியில் மிஞ்சுவது எண் பொறித்த ஒரு துண்டு.

சட்டம் இங்கே கறாராக நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021-இல் வந்த பழங்கால வாகன விதிகள், 50 ஆண்டு கடந்து, சேசிஸிலோ பாடிக் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே ‘விஏ’ எழுத்துள்ள சிறப்புப் பதிவைத் தருகின்றன. பென்ட்லி உலகில் பாடி மாறியதே வரலாறு. இந்த விதியின் கண்ணில் அது தகுதிக் குறைவாகிவிடக்கூடும். போலியைத் தடுக்க வந்த விதி என்ற அளவில் இதைப் புரிந்துகொள்ளலாம். பொருளின் தன்மை பற்றிய கொள்கையாக எடுத்துக்கொண்டால் இது குறுகலானது.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டம் வேறொரு விடையைத் தருகிறது. 500 ஆண்டுகளைத் தாண்டிய அந்த விழாவின் வரிசை எண்ணை ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள்கள் ஒன்று கூட்டி அச்சிடுகின்றன. தேரின் அமைப்பே சேசிஸும் பாடியும்தான். கீழே சக்கரம், அச்சு, சிற்பங்கள் செதுக்கிய மரத்தட்டுகள், இவை நிலையானவை. மேலே சட்டங்கள் நிறுத்தி, தேர்ச்சீலை சுற்றி, தொம்பைகள் தொங்கவிட்டு, கலசம் வைத்து எழுப்பும் கூடு ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாகக் கட்டிப் பின் பிரிக்கப்படுவது. கீழ்ப்பகுதியும் தீண்டப்படாமல் இருப்பதில்லை. தமிழகத்தின் பல தேர்களுக்கு மரச் சக்கரம் போய்த் திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரமும் அச்சும் வந்துவிட்டன. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்தே போனது. புதிதாகச் செய்து 1930-இல் மீண்டும் இழுத்தார்கள். அதை ஆழித்தேரின் நகல் என்று எவரும் சொன்னதில்லை. பழைய மரம் ஒரு துண்டும் தேவைப்படவில்லை. வெள்ளோட்டம் விட்டு, வடம் பிடித்து, வீதி சுற்றி நிலைக்கு வந்தால் அது அந்தத் தேர்தான்.

ஆட்டனின் தொடர்ச்சிக் கொள்கை இங்கே பொருந்தாது. தேர் இல்லாத ஆண்டுகள் இடையில் இருந்தன. ஆஸ்டன் மார்ட்டினுக்கு மறுத்ததைத் திருவாரூருக்கு எப்படிக் கொடுப்பது? இந்த முடிச்சை அவிழ்க்கச் சைவ சித்தாந்தம் ஓரளவு உதவும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில், உடல் மாயையில் செய்த இயந்திரம் என்றும், ‘என் உடல்’ என்று சொல்ல ஒன்று இருப்பதாலேயே உடலுக்கு வேறாக ஆன்மா உண்டு என்றும் நிறுவினார். இதற்குக் கதை வடிவம் பெரியபுராணத்தில் இருக்கிறது. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மாடு மேய்க்கும்போது இறந்துவிட, கதறிய பசுக்களுக்கு இரங்கிய யோகி ஒருவர் அவன் உடலில் புகுந்து திருமூலரானார். மாலையில் மூலனின் மனைவி அவரைத் தொட வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். உடல் அணு அளவும் மாறவில்லை. இருந்தும் இவர் இனிப் பழைய உறவுக்குத் திரும்பமாட்டார் என்றே அவர்கள் தீர்த்தார்கள். லண்டன் வழக்கின் மறுபக்கம் இது. அங்கே பாகம் போயும் பெயர் நின்றது. இங்கே பாகம் நின்றும் உறவு போனது.

காருக்கு ஆன்மா கிடையாது, ‘என் பாடி’ என்று அது சொல்லப் போவதும் இல்லை. ஆகவே அதன் அடையாளத்தை வெளியிலிருந்து, அதனிடம் நாம் கேட்பது எது என்பதிலிருந்துதான் பெற வேண்டும். சுமக்கும்படி கேட்பது ஒன்று, சாட்சி சொல்லும்படி கேட்பது மற்றொன்று. தேரிடம் கேட்பது சுமப்பதை: சுவாமி எழுந்தருளி வீதிவலம் வர வேண்டும். அதைச் செய்வது எதுவோ அது தேர். பஸ்ஸும் இப்படியே. லெ மானில் வென்ற காரிடம் கேட்பது சாட்சியை: அன்று அங்கே இருந்தது நீதானா? இதற்குப் பதில் சொல்ல, அங்கே இருந்த பொருளோடு அறுபடாத தொடர்பு வேண்டும். நான்கு புதிய சகாட்டோக்களும் நன்றாகச் சுமக்கும். 1960களைப் பற்றிச் சாட்சி சொல்ல மட்டும் அவற்றுக்கு வாயில்லை. கூடங்குளத்து ஹெரால்டு ஒரு குடும்பத்தைக் கோயிலுக்கும் கடைக்கும் கொண்டுபோகும்வரை, எத்தனை தகடு மாறினாலும் அதே கார். அருங்காட்சியகத்துக்குள் நுழையும் நாளில் ஒவ்வொரு தகட்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்கும்போதுதான் சச்சரவு பிறக்கிறது. கோயில்களில் இது அன்றாடம். சிதைந்த மூர்த்தியையும் தளர்ந்த மண்டபத்தையும் மாற்ற ஆகமம் வழி வைத்திருக்கிறது: தெய்வ ஆற்றலைக் கும்பத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றிப் பாலாலயம் செய்து, திருப்பணி முடிந்து குடமுழுக்கில் திரும்ப எழுந்தருளச் செய்வார்கள். வழிபடுவோருக்குக் கோயிலில் எந்தக் குறையும் நேரவில்லை. அதே திருப்பணியில் மணல் வீசித் தூணைத் துலக்கினால் கல்வெட்டு தேய்ந்துவிட்டது என்று தொல்லியலாளர் கொதிப்பதும் நியாயம். அவர் கல்லிடம் கேட்டது சாட்சியை.

கார்களுக்கு இதை ஒட்டி ஒரு நெறி உருவாகியிருக்கிறது. பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2010களின் தொடக்கத்தில் கொண்டுவந்த டூரின் சாசனம், வண்டியின் வழக்கமான வாழ்நாளில் செய்த மாற்றங்களை அதன் வரலாற்றின் நேரடிச் சாட்சியாகக் கருதிக் காக்கச் சொல்கிறது. பிறந்த நாளின் வடிவத்துக்கே திருப்பித் தீரவேண்டும் என்று அது கேட்பதில்லை. இதன்படி 1930களில் கூப்பே பாடி ஏறிய பென்ட்லியிலிருந்து அந்தப் பாடியைக் கழற்றிப் பந்தய வடிவம் தருவது மீட்பு ஆகாது. புதிதாகச் செய்து போடும் பாகம் எதுவாயினும், கண்ணை உறுத்தாத இடத்தில், அழியாத அடையாளம் பொறித்துப் பூட்ட வேண்டும் என்பதும் சாசனத்தின் விதி.